பயன்பாட்டுச் சான்று

மார்ச் முப்பத்தொன்று.
மாலை ஐந்துக்குள் ஊட்டி அலுவலகத்துக்குப் போயாக வேண்டுமாம்.
கொழுந்தை எடை போட்ட கையோடு வந்தேன்.
போஜன் சார் நாற்காலியைத் துடைத்து
"தலைவி உட்காருங்க" என்றார்.

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி:
என் மகள் அங்கே படிப்பதால் நான்.
இரண்டு கையெழுத்து இல்லாமல்
செக் மாறாது என்பதால் நான்.

கொரோனா நிதி, ரூபாய் பதினெட்டாயிரம்.
சோப்பும் கிருமிநாசினியும் ஒரு கட்டம்,
முகக்கவசம், வெப்பமானி, கைகழுவும் குழாய்,
கடைசியில் இதரச் செலவு, ஐந்நூறுக்கு மிகாமல்.

எனக்குக் கணக்கு தெரியும்.
பத்தொன்பது வருடமாகத் தராசு முள்ளைப் பார்த்து நிற்பவள்.
இருபத்தேழு கிலோ பறித்தால்
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு,
இருபத்து நாலு என்றுதான் சீட்டில் விழும்.
அந்த மூன்று எங்கே என்று ஒருமுறை கேட்டேன்.
ஆவியாப் போச்சு என்றான் சூப்பர்வைசர்.

வெப்பமானியில் தொடங்கினோம்.
மார்கழியில் பிள்ளைகள்
உறைபனியை மிதித்துக்கொண்டு வந்தார்கள்.
நெற்றிக்கு நேரே பிடித்தால் எண் வரவில்லை,
'லோ' என்று வந்தது.
வரிசையில் எல்லோருக்கும் லோ.
"லோன்னா பாஸா பெயிலா சார்?" என்றாள் தர்ஷிகா.
மறுநாளிலிருந்து சத்துணவு அடுப்புப் பக்கம் நிறுத்தி எடுத்தோம்.
முப்பத்தாறு புள்ளி ஐந்து, முப்பத்தாறு புள்ளி ஐந்து.
சார் எழுதினார்: கருவி நல்ல நிலையில் உள்ளது.
பொய்யில்லை.

குழாய் ஆறு. படத்தோடு அனுப்ப வேண்டும்,
படத்தில் குழந்தை இருக்க வேண்டும்.
பள்ளி அப்போது திறக்கவே இல்லை.
என் மகளுக்குச் சீருடை மாட்டிக் கூட்டிவந்தேன்.
முதல் நாள் இரவுதான் காட்டெருமை மிதித்து
ஊற்றிலிருந்து வரும் பைப் நொறுங்கியிருந்தது.
காய்ந்த குழாய்க்கடியில் காய்ந்த கையைத் தேய்த்து
அவள் சிரித்த சிரிப்பு
ஊட்டியில் ஏதோ ஒரு கோப்பில் இருக்கிறது.

பிறகு ஜீப்.

எங்கள் மேல்பிரிவில் போன் எடுக்கும் இடம் ஒரே ஒரு பாறை.
அங்கே ஏறி நின்று பாடம் கேட்ட பிள்ளைகள்
ஆடி மழை வந்ததும் இறங்கிவிட்டார்கள்.
சார் பயிற்சித்தாளைக் கார்பன் வைத்து எழுதினார்,
முப்பத்தெட்டுப் பேருக்கு.
மஞ்சூர் ரஹ்மத்துல்லா ஜீப்பில் ஒன்பது நடை போனோம்.
தாளோடு முட்டையும் போனது.
நடைக்கு ஐந்நூறு.

சார் அலுவலகத்துக்குப் போன் போட்டார்.
"ஜீப்புக்குத் தலைப்பே இல்லையே சார்,
கிருமிநாசினி தெளிப்புன்னு போட்டுடுங்க,
எல்லா ஸ்கூலும் அப்படித்தான்."
சார் என்னைப் பார்த்தார்.
அவருக்கு ஓய்வுக்குப் பதினோரு மாதம்.
தணிக்கையில் ஒரு குறிப்பு விழுந்தால்
பென்ஷன் எந்த மேசையில் தூங்கும் என்று
எனக்கும் தெரியும்.

"தெளிக்கலையே சார்" என்றேன்.
வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை.

கரண்ட் போய் வந்தது.
சார் பேனா மூடியைக் கடித்தபடி வெகுநேரம் இருந்தார்.
அப்புறம் படிவத்தின் ஓரத்தில்,
கட்டம் எதுவும் இல்லாத வெள்ளையில்,
சாய்வாக, பொடி எழுத்தில்:
பாடத்தாள் கொண்டுசெல்ல ஜீப் வாடகை,
எட்டு நடை, ரூபாய் நாலாயிரம்.

"ஒன்பது சார்."

"ஒன்பதாவதுக்கு அவன் காசு வாங்கலை.
அன்னைக்குத் திரும்பும்போது மண் சரிஞ்சு
நாமதான் தள்ளினோம், ஞாபகமில்லையா?"

ஞாபகம் இருந்தது. தர்ஷிகாவின் அப்பாகூட வந்து தள்ளினார்.

நான் கையெழுத்துப் போட்டேன்.
கொழுந்துக் கறை தாளில் ஒட்டியது.
சார் அதை ஊதிப் பார்த்தார், போகவில்லை.
கடைசி பஸ்ஸுக்கு ஹாரன் கேட்கிறது,
அவர் இன்னும் உறையை ஒட்டவில்லை.

"அந்த ஒன்பதாவது நடையை
வரவுல எழுதணுமா செலவுலயா?" என்கிறார்.